தடுமாற்றம் இருந்தாலும் நடமாட்டம் தொடரட்டும்

சமநிலைக் குறைபாட்டுடன் வாழ்வோர் வீட்டில் விழாமல் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள்

வீட்டில் முதியவர் ஒருவர் கால் தவறி விழுந்துவிட்டால், "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று சொல்லி ஆறுதல் கொள்வது நம் வழக்கம். தலை நரைப்பதைப் போல, கீழே விழுவதும் முதுமையில் தானாக வந்து சேர்வது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மருத்துவ உலகம் இதனை ஏற்பதில்லை. விழுவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றை நீக்க முடியும். நீக்கினால் விழுவது குறைகிறது என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்ட செய்தி.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களால் நேரும் இறப்புகளில் இதற்கு இரண்டாம் இடம். இவ்விறப்புகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்த, நடுத்தர வருவாய் கொண்ட நாடுகளில் நேர்கின்றன. இந்தியாவிலோ 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல் இருந்தனர். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்பது பல நாடுகளின் அனுபவம். பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் தனியே நடப்பதில்லை.

பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், நீரிழிவால் பாதங்களில் உணர்வு மங்கியவர்கள், உட்செவிக் கோளாறால் தலைசுற்றலுக்கு ஆளாகுபவர்கள், முழங்கால் மூட்டு தேய்ந்தவர்கள் ஆகியோரின் வீடுகளில் இந்த அச்சம் அன்றாடம் குடியிருக்கிறது. அவ்வச்சத்தில் குடும்பத்தார் அன்போடு செய்யும் ஒரு செயலே பல நேரங்களில் தீங்காகிவிடுகிறது. "அப்பா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். எது வேண்டுமானாலும் கேளுங்கள், கொண்டுவந்து தருகிறோம்" என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பத்து நாள் படுக்கை ஓய்வே முதியவர்களின் கால் தசைகளைக் கணிசமாகக் குறைத்துவிடும். உட்கார்ந்தே இருப்பவரின் கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால் அடுத்த முறை எழும்போது மேலும் தடுமாறுகிறது. ஆகவே, அவரை நடக்கவைத்துக்கொண்டே விழாமல் காப்பதுதான் நம் முன்னுள்ள பணி.

உடல் நிமிர்ந்து நிற்பது எப்படி?

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று தகவல்கள் மூளைக்கு ஓயாமல் சென்றுகொண்டிருக்க வேண்டும். கண்கள் சுற்றுப்புறத்தைக் காட்டுகின்றன. உட்செவி, தலை எப்பக்கம் சாய்கிறது என்று சொல்கிறது. பாதங்களும் மூட்டுகளும் தரையின் நிலையை உணர்த்துகின்றன. இவற்றுள் ஒன்று பழுதுபட்டால் மற்ற இரண்டும் அதன் சுமையையும் ஏற்றுக்கொள்கின்றன.

நீரிழிவால் பாத உணர்வு மங்கியவர் பகலில் ஓரளவு நன்றாகவே நடப்பார். அவருடைய கண்கள் பாதங்களின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கும். மின்சாரம் தடைப்பட்ட கணத்தில் அவருக்கு இரண்டு புலன்களும் ஒருசேர இல்லாமற்போகின்றன. முகத்தில் சோப்பு தேய்த்துக் கண்களை மூடும்போதும் இதே நிலைதான். கண்ணை மூடி நிற்கச் செய்து சமநிலையைச் சோதிக்கும் முறையை மருத்துவர்கள் இன்றும் கையாள்கின்றனர்; 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்கின் பெயரால் அது வழங்குகிறது. நம் வீட்டு மூத்தோர் அந்தச் சோதனையை ஈரத் தரையில், துணையின்றி, நாள்தோறும் குளியலறையில் எதிர்கொள்கிறார்கள்.

குளியலறை: முதல் கவனம் இங்கே

இந்தியக் குளியலறையில் வாளியும் சொம்பும் கொண்டு குளிக்கும்போது நீர் அறை முழுவதும் பரவுகிறது. அதே அறையில் கழிப்பிடமும் இருந்தால், நாள் முழுவதும் ஈரத்தில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. சோப்பு நுரையும் தலையெண்ணெயும் சேர்ந்தால் வழுவழுப்பான ஓடு கண்ணாடியாகிவிடும்.

அமர்ந்து குளிப்பதே முதன்மையான மாற்றம். கால்களில் ரப்பர் பொருத்திய, கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள நாற்காலி ஒன்றைக் குளியலறையில் நிலையாக வைத்துவிடலாம். வாளியைத் தரையில் வைக்காமல், அகன்ற உறுதியான முக்காலியின்மேல் வைத்தால், ஒவ்வொரு சொம்பு நீருக்கும் குனிந்து நிமிர வேண்டியதில்லை. கையில் பிடித்துக்கொள்ளும் ஷவர் இருந்தால் இன்னும் எளிது. குளித்து முடித்ததும் அங்கேயே அமர்ந்து உடலையும் பாதங்களையும் துடைத்த பின்னரே எழ வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில், உள்ளங்காலில் எண்ணெய் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே அடியெடுத்து வைக்க வேண்டும். குளித்தபின் உடலில் தூவும் பவுடர் தரையில் சிந்தினால் அதுவும் வழுக்கும். அதைக் கட்டிலில் அமர்ந்து போட்டுக்கொள்வது நல்லது.

சுவரில் பொருத்தும் கைப்பிடிக் கம்பி அடுத்த தேவை. கழிப்பிடத்தின் பக்கவாட்டில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, நுழைவாயிலருகே ஒன்று என மூன்று இருந்தால் போதும். கை முழுவதுமாகப் பற்றக்கூடிய பருமனில், சுவருக்கும் கம்பிக்கும் இடையே விரல்கள் செல்லும் இடைவெளியுடன் அவை அமைய வேண்டும். ஓட்டுக்குப் பின்னுள்ள செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் ஆழமாகத் துளையிட்டு இறுக்கினால்தான் ஒருவரின் முழு எடையைக் கம்பி தாங்கும். துண்டு மாட்டும் கம்பியைப் பற்றிக்கொண்டு எழும் பழக்கம் ஆபத்தானது. அது அதற்கென்று பொருத்தப்பட்டதன்று. உறிஞ்சு ரப்பரால் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளையும் உடல் எடைக்கு நம்பக்கூடாது. சுவரில் துளையிட முடியாத வாடகை வீடாயின், கழிப்பிடத்தைச் சுற்றித் தரையில் நிற்கும் கைப்பிடிச் சட்டங்கள் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கின்றன.

கழிப்பிட இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் எழுவது எளிது. தாழ்வாக இருந்தால் அதன்மேல் வைக்கும் உயர்த்தி கிடைக்கும். குந்தி அமரும் பழைய முறைக் கழிப்பிடமே வீட்டில் உள்ளதெனில், அதன்மேல் நிறுத்தும் நாற்காலியை வாங்கிக்கொள்ளலாம்.

கதவையும் கவனிக்க வேண்டும். உட்புறமாகத் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், வெளியிலிருந்து அதைத் தள்ளித் திறக்க இயலாது. வெளிப்புறமாகத் திறக்குமாறு கதவை மாற்றுவது சிறப்பு. அது இயலாவிட்டால், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டை அமைக்கலாம். அல்லது உள்ளே தாழிடாமல், "ஆள் உள்ளே" என்று ஓர் அட்டையைக் கதவில் தொங்கவிடலாம். நீர் வெளியேறாமலிருக்கக் குளியலறை வாயிலில் கட்டப்படும் கல் தடுப்பு பலரின் கால் விரலைத் தட்டிவிடுவது. அதன் விளிம்பில் தரையின் நிறத்துக்கு மாறான பட்டையைத் தீட்டினால் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும். சரிவு அமைப்பதாயின், ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது விதி. இரண்டு அங்குலத் தடுப்புக்கு இரண்டு அடிச் சரிவு வேண்டும்.

இரவில் எழும் நேரம்

படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது, இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. இளமையில் உடல் இதை நொடியில் சரிசெய்துகொள்ளும். முதுமையிலும், பார்க்கின்சன், நீரிழிவு ஆகிய நோய்களிலும், சில இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்ளும்போதும் இந்தச் சரிசெய்தல் தாமதமாகிறது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ குறைந்தால் மருத்துவர்கள் அதைக் குறைபாடாகக் கருதுகின்றனர். எழுந்ததும் கண் இருட்டுகிறது என்று மூத்தோர் கூறினால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்குமாறு மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவில் எழும்போது ஒரு வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. முதலில் பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் அமர வேண்டும். கணுக்கால்களை மேலும் கீழும் பத்து முறை அசைக்க வேண்டும். விளக்கைப் போட்ட பிறகு, எதையேனும் பற்றிக்கொண்டு எழுந்து, சில நொடிகள் நின்ற பின்னரே முதல் அடி வைக்க வேண்டும். கொசுவலை பயன்படுத்தும் வீடுகளில், அதன் விளிம்பு காலைச் சுற்றிக்கொள்வது இருட்டில் நேரும் விபத்துகளில் ஒன்று. இறங்கும் பக்கத்து விளிம்பைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

கட்டிலில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும்; முழங்கால் செங்கோணமாக இருக்க வேண்டும். இதுவே கட்டிலின் சரியான உயரம். கட்டிலிலிருந்து கழிப்பிடம் வரையுள்ள வழியில் மங்கலான இரவு விளக்குகள் எரியட்டும். மின்தடை உள்ள ஊர்களில், மின்சாரம் நின்றதும் தானே எரியும் விளக்கு ஒன்றை அவ்வழியில் பொருத்துவது நலம். இரவில் பலமுறை எழ நேர்பவருக்குக் கட்டிலருகே சிறுநீர்க் கலமோ நாற்காலிக் கழிப்பிடமோ வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொண்டால், இரவு நடையே குறையக்கூடும்.

திரும்பும்போதும் பேசும்போதும்

1997ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எளிய கண்டறிதல் ஒன்றை வெளியிட்டனர். நடந்துகொண்டிருக்கும் முதியவரிடம் பேச்சுக் கொடுத்தால் சிலர் நடந்தபடியே பதிலளிக்கின்றனர், சிலர் நின்றுவிடுகின்றனர். நின்றுவிடுவோரே பின்னாளில் மிகுதியாக விழுந்தனர். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் நிலையை அவர்கள் அடைந்திருந்தனர் என்பதே இதன் பொருள். அத்தகையோர் நடக்கும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைப்பதும் கேள்வி கேட்பதும் கூடாது. தொலைபேசியை அமர்ந்துதான் பேச வேண்டும். வாயில் மணி ஒலித்தால் விரைய வேண்டியதில்லை. பால்காரரிடமும் கூரியர் கொண்டுவருபவரிடமும் சற்றுக் காத்திருக்குமாறு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். தேநீர்க் கோப்பையை ஒரு கையிலும் செய்தித்தாளை மறு கையிலும் ஏந்தி நடப்பதைத் தவிர்த்து, பொருள்களைக் குறுக்காக அணியும் தோள்பையில் இட்டுக்கொண்டால் கைகள் விடுபடும்.

பார்க்கின்சன் நோயில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. கதவு நிலையருகிலும் குறுகலான இடங்களிலும், திரும்பும்போதும், பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதைப் போல் உறைந்துவிடும். உடல் மட்டும் முன்னே சாயும். அந்நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் அவர் விழுவது உறுதி. இழுப்பதற்கு மாறாக, அவரை நிற்கச் சொல்ல வேண்டும். மூச்சு விட்டு, நிமிர்ந்து, உடல் எடையை இடமும் வலமுமாக மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி அடியெடுக்கச் சொல்ல வேண்டும். கதவருகே தரையில் ஓரடி இடைவெளியில் வண்ண நாடாக்களைக் குறுக்காக ஒட்டி, ஒவ்வொன்றையும் தாண்டி அடி வைக்கச் செய்வது பலருக்குப் பயனளிக்கிறது. தானாக நிகழ வேண்டிய நடையைக் கண்ணும் எண்ணிக்கையும் தூண்டிவிடுகின்றன.

திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல், அரைவட்டமாகச் சிறு அடிகளில் நடந்து திரும்ப வேண்டும். பூசையறையில் நின்ற இடத்திலேயே செய்யும் ஆத்மப் பிரதட்சிணம் இவர்களுக்கு ஏற்றதன்று. கைகூப்பி நின்றாலே போதும் என்று வீட்டார் பரிவோடு எடுத்துச் சொல்லலாம். தரையில் மண்டியிடவோ அமர்ந்து எழவோ இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து வழிபடுவதும் தொழுவதும் எல்லாச் சமயத்தாரிடமும் இன்று காணப்படுவதே. பார்க்கின்சன் மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பதும், மருந்து நன்கு வேலைசெய்யும் வேளையில் குளியலையும் நடையையும் வைத்துக்கொள்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

ஊருக்கு ஊர் மாறும் தரையும் படியும்

தில்லி, லக்னோ போன்ற வடபுல நகரங்களில் பளிங்குத் தரையும் குளிர்காலக் காலுறையும் சேர்ந்தால் வழுக்குவது எளிது. அடியில் ரப்பர் புள்ளிகள் பதித்த காலுறை, அல்லது குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார் வைத்த செருப்பை வீட்டுக்குள் அணியலாம். தளர்ந்த ரப்பர் செருப்பு எந்த ஊரிலும் ஏற்றதன்று. மும்பையின் மழைக்காலத்தில் அடுக்ககப் படிக்கட்டுகள் நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கின்றன. இருபக்கக் கைப்பிடியும், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சொரசொரப்பான பட்டையும் அமைக்குமாறு குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில் கேட்பது ஒருவருக்கான சலுகையன்று. அங்குள்ள அனைவருக்கும் அது பாதுகாப்பு. கொல்கத்தாவிலும் கேரளத்திலும் உள்ள பழைய வீடுகளில் அறைக்கு அறை நிலைப்படிகள் உயர்ந்திருக்கும். அவற்றின் விளிம்பில் வண்ணம் தீட்டி, பக்கத்தில் செங்குத்தான கைப்பிடி ஒன்றைப் பொருத்தலாம்.

எல்லா ஊருக்கும் பொதுவானவை சில உண்டு. மடங்கிய மிதியடி, குறுக்கே கிடக்கும் சார்ஜர் கம்பி, பேரக்குழந்தையின் பொம்மை, கணுக்காலுக்குக் கீழே இறங்கும் வேட்டி, சேலை, நைட்டியின் விளிம்பு ஆகியவை காலில் சிக்குபவை. அன்றாடம் எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்துவிட்டால், முக்காலி மேல் ஏற வேண்டிய தேவை எழாது.

ஊன்றுகோலைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஊன்றுகோலை வலுவற்ற காலின் பக்கமே பிடிப்பவர் பலர். அது தவறு. வலக்கால் பலவீனமெனில் இடக்கையில் பிடிக்க வேண்டும். கோலும் வலக்காலும் ஒருசேர முன்செல்ல வேண்டும். செருப்பணிந்து கைகளைத் தொங்கவிட்டு நின்றால், கோலின் தலை மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். படி ஏறும்போது வலுவான கால் முதலில். இறங்கும்போது வலுவற்ற கால் முதலில் என்பதை நினைவில் கொள்க. வாக்கர் வாங்குமுன் இயன்முறை மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவசியம். ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்கும் வாக்கர் பார்க்கின்சன் நோயாளியின் நடையைத் தடைசெய்யக்கூடும். சக்கரமும் பிரேக்கும் உள்ளது சிலருக்குப் பொருந்தும்.

மருந்து, கண், பயிற்சி

கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிறதா? விழுந்துவிடுவோம் என்ற கவலை உண்டா? இம்மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரைக் காண வேண்டும். இன்னுமோர் எளிய சோதனையும் உண்டு. ஒருவர் அருகில் துணை நிற்க, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் இயல்பாக நடந்து, திரும்பி வந்து அமரச் செய்ய வேண்டும். 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு மிகுதி எனக் கொள்ளலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்ல வேண்டும். தூக்க மாத்திரைகள், மனஅமைதிக்கான மருந்துகள், சில இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை தள்ளாட்டத்தை மிகுவிக்கும். எதைக் குறைப்பது என்று முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே, நாமாக நிறுத்தக்கூடாது. பல ஆண்டுகளாகத் தலைசுற்றலுக்கு மாத்திரை உட்கொள்வோருள் சிலருக்கு, உட்செவியின் நுண்படிகங்கள் இடம்பெயர்ந்ததே காரணமாக இருக்கும்; மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் சிகிச்சை, பெரும்பாலும் ஓரிரு அமர்வுகளிலேயே அதைச் சரிசெய்துவிடும். நெடுங்காலச் சைவ உணவினரிடம் காணப்படும் வைட்டமின் பி12 குறைபாடு பாத உணர்வைக் கெடுக்கும்; இரத்தச் சோதனையில் அது தெரிந்துவிடும். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. இருபார்வைக் கண்ணாடி அணிந்து படியிறங்கும்போது, அதன் கீழ்ப்பகுதி படிகளை மங்கலாகக் காட்டும். நடப்பதற்குத் தொலைப்பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது நன்று.

மருந்துகளையும் கண்ணையும் கவனிப்பதோடு பயிற்சியும் வேண்டும். வீட்டில் வாழும் 60 வயது கடந்த 23,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பு, முறையான உடற்பயிற்சி விழும் நிகழ்வுகளை 23 சதவீதம் குறைக்கிறது என 2019இல் அறிவித்தது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சித் திட்டம் முழுவதும் வீட்டிலேயே செய்யத்தக்கது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்துதல், ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைத்து நிற்றல் போன்றவை இத்தகைய பயிற்சிகள். அவரவர் நோய்க்கேற்ப இயன்முறை மருத்துவர் வகுத்துத் தருவதைத் துணையோடு தொடர்ந்து செய்ய வேண்டும்.

வீட்டிலுள்ள இடையூறுகளை நீக்குவதைப் பற்றிய காக்ரேனின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பு மேலும் நம்பிக்கையளிப்பது. பொதுவாக 26 சதவீதம் குறையும் விழுதல், விழும் வாய்ப்பு மிகுந்தோரிடம் 38 சதவீதம் குறைகிறது. தள்ளாட்டம் எவருக்கு அதிகமோ, அவருக்கே வீட்டைத் திருத்துவதால் பயனும் அதிகம்.

விழுந்துவிட்டால்

எல்லாக் காப்பையும் மீறி ஒருவர் விழுந்துவிட்டால், பதற்றத்தில் அக்குளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தக்கூடாது. முதலில் வலி எங்கே என்று கேட்க வேண்டும். ஒரு கால் குட்டையாகத் தோன்றி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தால், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம்; அசைக்காமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அவசர உதவிக்கான தேசிய எண் 112. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது கட்டாயம்.

காயம் இல்லையெனில், அவர் தானே எழுவதற்கு நேரம் தர வேண்டும். ஒருக்களித்துத் திரும்பி, முழங்காலும் கைகளும் ஊன்றி, உறுதியான நாற்காலியை நோக்கித் தவழ்ந்து, அதன் இருக்கையில் கைகளை ஊன்றி, வலுவான காலை முன்வைத்து எழுந்து, மெல்லத் திரும்பி அமர வேண்டும். இதை இயன்முறை மருத்துவரின் முன்னிலையில் முன்பே பழகிக்கொள்வது நல்லது. தனியே வசிப்பவர் கைப்பேசியைக் கழுத்திலோ பையிலோ எப்போதும் வைத்திருக்க வேண்டும். நெடுநேரம் தரையில் கிடப்பது உடலின் நீரை வற்றச் செய்து, தசைகளைச் சிதைத்து, சிறு விழுதலையும் பெருந்துன்பமாக்கிவிடும். அண்டை வீட்டாரிடம் ஒரு சாவியும், நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பும் இதற்கு எளிய காப்பு.

மறைக்கப்படும் விழுதல்கள்

மூத்தோர் பலர் தாம் விழுந்ததைச் சொல்வதில்லை. சொன்னால் கோயிலுக்குப் போவதும், மாலை நடையும், அடுக்களையில் நிற்பதும் தடைப்படும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. முழங்கையிலுள்ள கன்றிய தழும்பைக் கண்டு மகள் கேட்டால், "எங்கோ இடித்துக்கொண்டேன்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எப்படி விழுந்தார் என்று தெரியாததால், அடுத்த முறையும் அதே இடத்தில் விழுகிறார்.

இதை மாற்ற வேண்டிய பொறுப்பு இளையவர்களுடையது. "ஏன் எழுந்தீர்கள்?" என்று கேட்டால் அவர் வாய் மூடிக்கொள்வார். "எந்த இடத்தில், என்ன செய்யும்போது தடுமாறியது? அங்கே என்ன வைத்தால் உங்களுக்கு எளிதாகும்?" என்று கேட்டால், எந்த நிபுணரும் அறியாத விவரங்களை அவர் சொல்வார். கைப்பிடியை எங்கே பொருத்துவது என்பதை, அவரை அங்கே நிற்கவைத்து, அவர் கை இயல்பாக எங்கே நீள்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வீட்டை மாற்றும் முடிவுகள் அவருடையவையாக இருந்தால்தான் அவற்றை அவர் பயன்படுத்துவார்.

செலவும் உதவிகளும்

ஒரு கைப்பிடிக் கம்பி சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. குளியல் நாற்காலி, இரவு விளக்குகள், ஊன்றுகோல் ஆகியவற்றைச் சேர்த்தாலும் பெரும்பாலான குடும்பங்களின் எல்லைக்குள் அடங்கும் தொகைதான். இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சையும் அதன்பின் வரும் பராமரிப்பும் தனியார் மருத்துவமனைகளில் லட்சங்களில் முடியக்கூடும். 70 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்குக் குடும்பம் ஒன்றுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவக் காப்பளிக்குமாறு ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. வருவாய் குறைந்த மூத்தோருக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி ஆகியவற்றை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா 2017 முதல் நடைமுறையில் உள்ளது. மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567.

வங்கிப் பணிகளுக்காகவும் தடுமாறி வர வேண்டியதில்லை. 70 வயதைக் கடந்தோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், மருத்துவச் சான்று பெற்ற நெடுநாள் நோயாளிகளுக்கும், பணம் பெறுதல், பணம் செலுத்துதல், ஆயுள் சான்று அளித்தல் போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே வழங்க முயலுமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில், ஓய்வூதியர் தம் ஆயுள் சான்றை மின்னணு வழியில் அளிக்கலாம். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதைச் செய்ய முடிகிறது. இவற்றைப் பெறும் வழியை உங்கள் கிளையில் கேட்டறியுங்கள். கிளைக்கு வந்து நான்கு பேரைப் பார்த்துப் பேசிச் செல்வதே சிலருக்கு மகிழ்ச்சியென்றால், துணைக்கு ஒருவரோடு, கூட்டமில்லாத நேரத்தில், ஊன்றுகோலுடன் அவர் தாராளமாக வரட்டும்.

இந்த வாரமே தொடங்குவதற்கு ஒரு வேலை உண்டு. இன்றிரவு விளக்குகளை அணைத்த பின், உங்கள் வீட்டு மூத்தவரின் கட்டிலிலிருந்து கழிப்பிடம் வரை அவருடன் மெதுவாக நடந்து பாருங்கள். எங்கே வெளிச்சம் போதவில்லை, எங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, எங்கே காலில் எது தட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குச் செல்வதற்கான பட்டியல் அதுவே.